ஆர்பிஜி, எஃப்பிஎஸ், மோபா: மகன் சொல்லும் கேம் வகைகளுக்கு என்ன அர்த்தம்?

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: மகன் படிவம் இரண்டு படிக்கிறான், பதினான்கு வயது, தீபாவளிக்குத் தாய்மாமன் ஒரு கேம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பையன், "ஆர்பிஜி வேணும், மோபா ஏற்கெனவே போன்ல இருக்கு, எஃப்பிஎஸ் வாங்கினா அப்பா கத்துவாரு" என்று அடுக்குகிறான். அப்பாவோ, "எல்லாம் சுடுற கேம்தானே, பேருதான் வேற வேற" என்கிறார். கேமில் முக்கியமான வகைகள் என்னென்ன, எது பையனுக்கு நல்லது என்பது கேள்வி. வெறும் பட்டியல் என்றால் அது எங்கும் கிடைக்கும். அவர் உண்மையில் கேட்பது, பெட்டியின் மேல் போட்டிருக்கும் மூன்றெழுத்தை வைத்து வீட்டுக்குள் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் என எனக்குப் படுகிறது. பாதி தெரிந்துகொள்ளலாம், பாதி முடியாது. எந்தப் பாதி எது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செந்தூலில் எட்டு வருடம் சிசி, அதாவது சைபர் கஃபே, நடத்தினேன். இருபது கணினி, இரைச்சல் போடும் ஒரு ஏர்கோன், மணிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). கைத்தொலைபேசி வந்து கடையைச் சாய்த்த பிறகு, கோலாலம்பூரிலேயே கேம் தயாரிக்கும் கம்பெனிகளில் சோதனை வேலைக்குப் போனேன். டெஸ்டர் என்றதும் நாள் முழுக்க விளையாடிச் சம்பளம் வாங்குபவன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரே கதவை ஒரு வாரம் திறந்து மூடி, எப்போது அது திறக்காமல் போகிறது என்று எழுதிவைப்பதுதான் அந்த வேலை. ஆகவே கேம் எப்படி வேலை செய்கிறது என்பதில் நான் சொல்வதை நம்பலாம். பிள்ளைகளின் மனதைப் பற்றி நான் சொல்வதை ஒரு கடைக்காரன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சினிமாவில் வகை என்றால் அது கதையைச் சொல்லும்: குடும்பப் படம், பேய்ப் படம், சாமி படம். கேமில் வகைப்பெயர் பெரும்பாலும் கதையைப் பற்றி வாயே திறக்காது. விளையாடுபவனின் கை என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்லும். சுந்தர காண்டத்தையும் யுத்த காண்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமனை நீங்களே நடத்தி, மலைக்கு மலை தாவி, சுரசையின் வாய்க்குள் புகுந்து வெளியே வந்து இலங்கைக் கரையில் கால் வைத்தால் அது பிளாட்ஃபார்மர். இரவில் காவலர் கண்ணில் படாமல் மாளிகை மாளிகையாகச் சீதையைத் தேடினால் ஸ்டெல்த். கணையாழியை எப்போது காட்டுவது, என்ன பேசினால் அவள் நம்புவாள் என்று யோசித்து நகர்ந்தால் அட்வென்சர். நீலனைக் கிழக்கு வாசலுக்கு, அங்கதனைத் தெற்கு வாசலுக்கு என்று மேலிருந்து பார்த்துப் படையை அனுப்பினால் ஸ்ட்ராட்டஜி. ராமன் கண் வழியே பார்த்து அம்பு விட்டால் எஃப்பிஎஸ். ஒவ்வொரு அரக்கன் விழும்போதும் கொஞ்சம் பலம் சேர்ந்து, அதை வேகத்தில் போடுவதா, உருவத்தைப் பெருக்குவதில் போடுவதா என்று நீங்களே முடிவு செய்தால் அது ஆர்பிஜி. அதே இலங்கைதான், அதே அனுமன்தான், கைக்குக் கொடுத்த வேலை மட்டும் மாறியிருக்கிறது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1962இல் அமெரிக்காவின் எம்ஐடியில், பிடிபி-1 என்ற அலமாரி அளவு கணினியில் சில இளைஞர்கள் செய்த ஸ்பேஸ்வார் கேமில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். சுடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், வேற்றுக்கிரக ஜந்துக்கள் வரிசை வரிசையாக இறங்கி வரும். சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக நகரும். அந்த வேகம் திட்டமிட்டு வந்ததில்லை. திரையில் ஜந்துக்கள் நிறைய இருந்தபோது வரைந்து வரைந்து மெஷின் திணறியது, எண்ணிக்கை குறையக் குறைய அதற்கு மூச்சு விட நேரம் கிடைத்து வேகமாக ஓடியது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார்கள். போகப் போகக் கடினமாகும் கேம் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு, ஒரு மெஷினின் இயலாமையும் ஒரு காரணம். எங்கள் வேலையில் பிழை என்று எழுதிக்கொடுத்ததை மேலிடம் "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஜந்துக்கள் ஞாபகம் வரும்.

எஃப்பிஎஸ் (ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்) என்பது அந்தச் சுடும் குடும்பத்தில் ஒரு கிளை. பாத்திரத்தை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், பாத்திரத்தின் கண் வழியே பார்ப்பீர்கள். திரையின் அடியில் ஒரு துப்பாக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். 1992இல் வுல்ஃபன்ஸ்டைன் 3டி, அடுத்த வருடம் டூம் என்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட இரண்டும் இதற்கு அச்சு வார்த்தன. அதன் பிறகு வந்தவற்றுக்குச் சில வருடங்கள் தனிப் பெயரே கிடையாது, "டூம் மாதிரி" என்றுதான் சொன்னார்கள். பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது வேறு கிளை. நூறு பேரைத் தீவில் இறக்கிவிட்டு, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒருவர் மிஞ்சும் வரை ஆடவிடும் பேட்டில் ராயல், 2017இல் பப்ஜியும் ஃபோர்ட்நைட்டும் வந்ததும் ஊரெல்லாம் பரவியது.

இங்கேதான் அப்பா ஏமாறும் இடம் இருக்கிறது. நின்டெண்டோவின் ஸ்ப்ளட்டூன் வகைப்படி சுடும் கேம். ஆனால் துப்பாக்கியிலிருந்து வருவது வண்ண மை. எந்த அணி தரையை அதிகம் பூசியது என்பதுதான் போட்டி, அமெரிக்க மதிப்பீட்டில் அதற்குப் பத்து வயது போதும். 2015இல் வந்த தி விட்சர் 3 வகைப்படி ஆர்பிஜி. ஐரோப்பிய மதிப்பீட்டில் அதற்கு 18. பையன் கேட்ட ஆர்பிஜியை நிம்மதியாக வாங்கிக் கொடுத்துவிட்டு, எஃப்பிஎஸ் வேண்டாம் என்று தடுத்த அப்பா கடைசியில் எதை வீட்டுக்குள் விட்டார் என்று பாருங்கள். வயது என்ன என்பதை வகை சொல்லாது. அதற்குப் பெட்டியின் மூலையில் தனி முத்திரை இருக்கிறது. ஐரோப்பிய முத்திரை என்றால் 3, 7, 12, 16, 18 என்று எண்ணாகவே இருக்கும். அமெரிக்க முத்திரையில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் பதினேழு வயதும் அதற்கு மேலும். நம் ஊர்க் கடைகளில் இரண்டு விதப் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

கை வேகத்தை நம்பி நடக்கும் மற்ற வகைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பந்தயம், கால்பந்து போன்றவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். சண்டை கேம் என்பது இருவர் நேருக்கு நேர் நிற்பது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதற்கு இலக்கணம். ஒரு அடி விழுந்து எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடியைச் செருகும் காம்போ என்ற கலையும் அதில் தற்செயலாகக் கிடைத்ததுதான். தாளத்துக்கு ஏற்பப் பட்டனை அழுத்துவதோ மிதிப்பதோ ரிதம் கேம். மால்களில் பிள்ளைகள் வியர்வை சொட்டச் சொட்ட அம்புக்குறிகள் மேல் குதித்தார்களே, அதன் மூலவர் 1998இல் வந்தார்.

பிளாட்ஃபார்மரில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் முதல் வேலை அதில்தான். ஓடுவது, குதிப்பது, விழாமல் இருப்பது, அவ்வளவுதான். 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைப் பார்க்காதவர் குறைவு. முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு பாறையின் விளிம்பிலிருந்து குதித்துக்கொண்டே இருப்பது. பையன் விளிம்பைத் தாண்டிவிட்டான், காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, அப்போதும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் கேம் அவனைக் குதிக்க விடுகிறது என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்து, பெரிய பிழையைப் பிடித்த பெருமிதத்தோடு எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைமை டெஸ்டர் சிரித்துவிட்டார். வேண்டுமென்றே வைத்தது அது. அந்த இரக்கத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், "நான் அமுக்கினேன், அது குதிக்கலை" என்று ஒவ்வொரு பிள்ளையும் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசும்.

இனி உங்கள் மகன் கேட்கும் ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுவது. இதன் வேர் கணினியில் இல்லை. 1974இல் அமெரிக்காவில் கைகேக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம், பென்சில், பகடையோடு ஆடும் ஆட்டம். நம் வீட்டுத் தாயத்தில் பகடை விழுவதை வைத்துத்தான் காய் நகரும், ஆளுக்கேற்ப மாறாது. இவர்கள் அதில் ஒன்றைச் சேர்த்தார்கள்: இன்று நீங்கள் வென்றது நாளை உங்கள் பகடைக்குப் பலம் சேர்க்கும். நேற்று ஆறு விழுந்தால்தான் திறந்த பூட்டு, அனுபவம் கூடிய பிறகு மூன்று விழுந்தாலே திறக்கும். லெவல், அனுபவப் புள்ளி, பலம், சாமர்த்தியம் என்று உங்கள் மகன் பேசும் எண்கள் எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்து வந்தவை. ஜப்பானில் 1986இன் டிராகன் குவெஸ்ட், 1987இன் ஃபைனல் ஃபேன்டசி, 1996இன் போக்கிமான் அதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோயின. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் இருபது முகப் பகடை திரையிலேயே உருள்வதைப் பார்க்கலாம். அதைச் செய்த பெல்ஜியக் கம்பெனிக்கு நம் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. மருமகனுக்கு வாங்கலாமே என்று மாமா அவசரப்பட வேண்டாம், அதுவும் 'எம்' முத்திரை போட்டதுதான்.

ஆர்பிஜியில் வாசிக்க நிறைய இருக்கும். என் கடையில் இலக்கணப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிற பையன்கள், கேமில் வரும் நான்கு பக்க ஆங்கில உரையாடலை அகராதி வைத்துப் படித்ததைக் கண்டிருக்கிறேன். இதனால் மார்க் கூடும் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தது ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு எஸ்பிஎம் தேர்வில் என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதிவைத்தவன் அல்ல.

ஸ்ட்ராட்டஜி என்பது ஆடு புலி ஆட்டத்தின் வம்சம். மூன்று புலி, பதினைந்து ஆடு. பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். அடுத்தவன் என்ன செய்வான் என்று யோசித்துவிட்டுத்தான் கை நகரும். அப்படி முறை வைத்து ஆடுவதற்கு 1991இன் சிவிலைசேஷன் எடுத்துக்காட்டு. முறை வைக்காமல் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டிடம் கட்டி, தங்கம் தோண்டி, படை திரட்டுவது இன்னொரு வகை. 1992இன் டியூன் 2 அதற்குப் பாதை போட்டது, 1998இன் ஸ்டார்கிராஃப்ட் அதை உச்சிக்குக் கொண்டுபோனது. என் கடையைத் திறந்தபோது பாதிப் பிள்ளைகள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மோபா (மல்டிபிளேயர் ஆன்லைன் பேட்டில் அரீனா) பிறந்தது இங்கேதான். 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 என்ற ஸ்ட்ராட்டஜி கேமோடு, புதிய களங்களை நீங்களே வரையக் கருவியும் கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை வைத்து டோட்டா என்ற களத்தை வரைந்தார்கள். படை முழுவதையும் நடத்த வேண்டாம், ஆளுக்கு ஒரே ஒரு வீரன் போதும். ஐந்து பேருக்கு ஐந்து பேர், மூன்று பாதை, எதிரியின் கோட்டையை இடித்தால் வெற்றி. 2009இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், 2013இல் டோட்டா 2, 2016இல் கைத்தொலைபேசிக்கு மொபைல் லெஜண்ட்ஸ் எல்லாம் அந்த ஒரு களத்தின் பிள்ளைகள். உங்கள் மகன் போனில் ஆடுவது கடைசியாகச் சொன்னதாக இருக்கக்கூடும். இதில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு: 2013இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசிய அணியான ஆரஞ்ச் மூன்றாம் இடம் பிடித்தது.

ஆனால் ஒரு தாய்க்கு மோபாவைப் பற்றித் தெரிய வேண்டியது அந்த வரலாறு இல்லை, அதை நடுவில் நிறுத்த முடியாது என்பதுதான். 2006 வாக்கில் ஒரு சனிக்கிழமை இரவு, என் கடைக்கு ஒரு அம்மா பிரம்போடு வந்தார். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை, மௌஸை விடவில்லை, "அஞ்சு நிமிஷம்மா" என்றான். பக்கத்தில் இருந்த நாலு பையன்களும், ஒருவன் சீனப் பையன், ஒருவன் மலாய்ப் பையன், ஒரே குரலில், "ஆன்ட்டி, பிளீஸ் ஆன்ட்டி, அவன் போனா நாங்க காலி" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஒரு நாற்காலி போட்டு, ஒரு மைலோ பாக்கெட் கொடுத்து, திரையில் கோட்டையைக் காட்டி, "இது இடிஞ்சா முடிஞ்சிரும்க்கா" என்றேன். பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமானது. கடைசியில் மகனின் கோட்டைதான் இடிந்தது. "இதுக்குத்தான் இவ்ளோ நேரமா? தோத்துட்டியே, வா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஆகவே சாப்பிடக் கூப்பிடும்போது உங்கள் மகன் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால், அவன் ஆடுவது என்ன என்று பாருங்கள். மோபாவோ பேட்டில் ராயலோ என்றால் அவன் பொய் சொல்லவில்லை. போனில் ஒரு ஆட்டம் 15, 20 நிமிடம் ஓடும், நடுவில் எழுந்தால் மற்ற நால்வரும் தோற்பார்கள், அடிக்கடி எழுந்து போகிறவனுக்குக் கேமே தண்டனை போடும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் "எட்டு மணிக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டால் சண்டை பாதியாகும். ஒருவராக ஆடும் ஆர்பிஜியோ பிளாட்ஃபார்மரோ என்றால் நிறுத்திவைக்கலாம், சேவ் செய்யலாம். அங்கே "அஞ்சு நிமிஷம்" என்றால் அது ஆசைதான்.

கட்டிப் பார்ப்பது, நடத்திப் பார்ப்பது சிமுலேஷன்: 1989இன் சிம்சிட்டியில் நகரம், 2000இன் தி சிம்ஸில் குடும்பம். கேம் எந்த இலக்கும் கொடுக்காமல், "இந்தா மண், இந்தா மரம், என்ன வேணுமோ செய்" என்று விட்டுவிடுவது சாண்ட்பாக்ஸ். 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்டைச் சொல்லாத பிள்ளை இருக்காது. ரோப்லாக்ஸை இந்த வரிசையில் வைக்காதீர்கள். அது ஒரு கேம் இல்லை, யார் யாரோ செய்த எண்ணற்ற கேம்கள் இருக்கும் சந்தை. பிள்ளை ரோப்லாக்ஸ் ஆடுகிறது என்று சொன்னால், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போயிருக்கிறது என்பது மாதிரி. என்ன வாங்கிச் சாப்பிட்டது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பசில் என்ற வகையைப் பெரியவர்கள் கேம் என்றே எண்ணுவதில்லை. 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் என்ற கணினி ஆராய்ச்சியாளர் எழுதிய டெட்ரிஸில் மொத்தம் ஏழே வடிவங்கள், ஒவ்வொன்றும் நான்கு கட்டம். அதைத் தாண்டி எளிமையாக ஒரு கேமை இன்றுவரை நான் சோதித்ததில்லை. ஒரே நிற மிட்டாய் மூன்றைச் சேர்த்து உடைக்கிறீர்களே, எல்ஆர்டி ரயிலில் அலுவலகம் போகும் பாதிப் பேர் செய்வதும் அதுதான், அதுவும் இந்த வகையே. "எனக்கு கேமெல்லாம் தெரியாது" என்று என்னிடம் சொல்லும் அக்காமார் பலர் அதில் ஆயிரமாவது லெவலில் இருக்கிறார்கள்.

கை செய்யும் வேலையை வைத்துத்தான் பெயர் என்றேன். அதற்கு விதிவிலக்குகள் உண்டு, மறைக்கக் கூடாது. திகில் என்ற வகை உணர்ச்சியை வைத்து வந்தது. 1996இன் ரெசிடென்ட் ஈவிலில் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட வேண்டும். நம் ஊர்க் கைகன் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட சிமுலாக்ராவில் காணாமல் போன ஒரு பெண்ணின் கைத்தொலைபேசி உங்களிடம் கிடைக்கிறது. அவளுடைய செய்திகளையும் படங்களையும் துழாவுவதைத் தவிரக் கைக்கு வேறு வேலை இல்லை. இரண்டுமே திகில்தான். கோலாலம்பூரின் மெட்ரோனாமிக் 2020இல் வெளியிட்ட நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸில் சண்டையும் உண்டு, தாளமும் உண்டு. அதை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர் தலையைச் சொறிய வேண்டியதுதான். சில பெயர்கள் மூதாதையை வைத்து வருகின்றன: 1980இன் ரோக் என்ற கேம் போல, செத்தால் முதலிலிருந்து, ஒவ்வொரு முறையும் புதுக் குகை என்றால் ரோக்லைக். டார்க் சோல்ஸ் போல ஈவிரக்கமில்லாமல் அடித்துப் பாடம் கற்பித்தால் சோல்ஸ்லைக். நம் தெருக்களில் மளிகைக் கடை, முனியாண்டி கடை, மூலைக் கடை என்று மூன்று விதமாகப் பெயர் வைக்கவில்லையா, அது போலத்தான். விற்கும் சரக்கு, உரிமையாளர் பெயர், இருக்கும் இடம் என்று மூன்றும் கலந்துவிட்டன. எந்த கேம் எந்த வகை என்று இளைஞர்கள் ராத்திரி முழுக்க மாமாக் உணவுக் கடையில் வாதாடுவதற்கு இதுதான் காரணம், அதில் தீர்ப்பு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

வகை சொல்லாத இன்னொன்று, கேம் எப்போது முடியும், எப்படிக் காசு கேட்கும் என்பது. இதை வயது முத்திரையைவிட முக்கியமாக நினைக்கிறேன். இரண்டு ஆர்பிஜி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 200 வெள்ளி போலக் கொடுத்து ஒரு முறை வாங்குகிறீர்கள். நாற்பது, ஐம்பது மணி நேரத்தில் கதை முடிந்து, செய்தவர்கள் பெயர்ப் பட்டியல் ஓடி, பையன் பெருமூச்சு விட்டு அலமாரியில் வைத்துவிடுவான். இன்னொன்று இலவசம், பிடித்த வீரன் கிடைக்கும் வரை காசு போட்டுக் குலுக்கல் எடுக்கலாம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கதை, முடிவே கிடையாது. காசு போட்டால் உருண்டை விழுந்து உள்ளே என்ன பொம்மை என்று தெரியாமல் திறப்போமே, அந்த ஜப்பானிய மெஷினின் பெயரால் இதைக் காச்சா என்கிறார்கள். பெட்டியில் இரண்டுக்கும் ஆர்பிஜி என்றுதான் போட்டிருக்கும். என்னைக் கேட்டால் காசு கொடுத்தாவது முடிகிற கேமை வாங்குங்கள். காச்சா எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை, அவற்றிலும் அழகான வேலைப்பாடு இருக்கிறது, அவற்றைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். பதினான்கு வயதில் அம்மாவின் கார்டு எண் தெரிந்த பையனுக்கு அது வேண்டாம் என்கிறேன்.

எது நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் பார்ப்பது, விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் தள்ளி அது முன்னால் வந்துவிட்டதா, கெடுதல் தெரிந்த பிறகும் தொடர்கிறதா, இது பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருக்கிறதா என்பவற்றை. எந்த வகைக் கேம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் மகனிடம் அப்படி ஏதாவது தெரிந்தால் என்னைப் போன்றவரிடம் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். சுடும் கேம் ஆடுகிறவன் முரடனாவானா என்பதற்கும் என்னிடம் கடை அனுபவம் மட்டும்தான் இருக்கிறது: எட்டு வருடத்தில் என் கடையில் கைகலப்பு இரண்டு முறை நடந்தது, இரண்டும் கால்பந்து கேமில்.

மாமாவிடம் சொல்லுங்கள், கடைக்குப் போவதற்கு முன் பையனை உட்காரவைத்து, அவன் ஆசைப்படும் கேமை யாராவது ஆடும் வீடியோவை யூடியூபில் ஒரு பத்து நிமிடம் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கை என்ன செய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இது முடியுமா, நடுவில் காசு கேட்குமா என்பதை அவனிடமே கேளுங்கள், பிள்ளைகள் இதில் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள், ஏனென்றால் தெரிந்ததைச் சொல்லிக்காட்ட அவர்களுக்குப் பிடிக்கும். மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு 12 என்று போட்ட ஆர்பிஜிகள் நிறைய இருக்கின்றன.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டில் என்ன மெஷின் இருக்கிறது என்பதையும் மாமாவிடம் சொல்லி அனுப்புங்கள். என் மச்சான் தன் மகளுக்கு ஆசையாகக் கலர் காகிதத்தில் சுற்றி பிளேஸ்டேஷன் டிஸ்க் ஒன்று கொண்டுவந்தார். வீட்டில் இருந்தது நின்டெண்டோ ஸ்விட்ச். உறை பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த டிஸ்க் பெட்டியின் மேல்தான் இன்றைக்கும் மச்சான் தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்கிறார்.